ஒச்சம்மாளின் நாற்பத்து நான்கு சைபர் டிக்கெட்டுகள்

ஒச்சம்மாள் கைக்கு ஒரு காகிதம் போய்ச் சேர்ந்தால் அது திரும்பி வராது. ரேஷன் கடைச் சீட்டு, உரக்கடை பில், பூ மார்க்கெட்டில் எடை எழுதிக் கொடுக்கும் துண்டு, எல்லாம் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். தேடினால் கிடைக்காது என்பதில்லை, தேடவே வேண்டாம். எது எந்த அடுக்கில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். புருஷன் கருப்புசாமி மட்டும், பழைய பேப்பர்காரனைக் கூப்பிட்டால் இந்த வீட்டை வைத்தே அவன் லாரி வாங்கிவிடுவான் என்று கேலி செய்வார்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததல்ல. கல்யாணத்துக்கு முன்னால் அவள் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். ஒரு மாதத்தில் ஆறு நாள் வேலைக்கு வந்ததற்கான டோக்கனைத் தொலைத்துவிட்டாள். வந்தேன் என்று அவள் சொன்னாள், டோக்கன் எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். பக்கத்து மெஷினில் நின்றவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தவர்கள்தான். ஆனாலும் ஆறு நாள் சம்பளம் போனது போனதுதான். நாம் ஓரிடத்துக்கு வந்தோம் என்பதை நாம் சொன்னால் போதாது, ஒரு காகிதம் சொல்ல வேண்டும் என்று பத்தொன்பது வயதில் அவளுக்கு மண்டையில் ஏறியது. அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

நத்தம் சாலையில், டவுன் பஸ் நின்று போகும் ஒரு சின்ன ஊருக்கு வாக்கப்பட்டு வந்தாள். நாற்பது சென்ட் நிலம். அதில் மல்லிகை. மல்லிகை வைத்தவர்கள் சூரியனுக்கு முன்னால் எழ வேண்டும். மொக்கு விரிவதற்குள் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். விரிந்த பூவைத் தலையில் வைத்துக்கொள்ளலாம், காசாக்க முடியாது.

அவள் நிலத்தை ஒட்டி முத்துச்சாமியின் தென்னந்தோப்பு. ஊரில் பெரிய கை. தோப்புக்குள் டிராக்டர் போய்வர அவள் வரப்பை ஒட்டி நாலடி அகலம் வேண்டும் என்று கேட்டார். விலைக்குக் கேட்டார், பாவம், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒச்சம்மாள் தரமாட்டேன் என்றாள். நாற்பது சென்ட்டில் நாலடி போனால் இரண்டு வரிசைச் செடி போகும். அவருக்கு அது பாதை, அவளுக்கு அது சோறு. இரண்டு தடவை கேட்டார். மூன்றாம் தடவை கேட்கவில்லை. கருப்புசாமி வெளியூரில் இருக்க, அவள் பூவோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில் டிராக்டரை விட்டு இரண்டு வரிசையையும் உழுதுவிட்டார். அறுபத்திரண்டு செடி. மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றிக் கவாத்து செய்து, அந்த வருஷம்தான் கொத்துக் கொத்தாக மொக்குக் கட்டியிருந்த செடிகள்.

அவள் திரும்பி வந்தபோது வேர்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பூப்பறிக்க வந்திருந்த பெண் ஒருத்தி பயந்து பயந்து செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். ஒச்சம்மாள் அழவில்லை. அன்றைக்கு அழுதிருந்தால் அந்த அளவோடு முடிந்திருக்கும் என்று கருப்புசாமி பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். அவள் நேரே தோப்புக்குப் போய் முத்துச்சாமியின் முன்னால் நின்றாள்.

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. இளநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "போ, கோர்ட்டுக்குப் போ. நான் வேணாங்கல. வக்கீலுக்குக் குடுத்து, வாய்தாவுக்கு நடந்து, செலவு தாங்காம மூணாம் மாசம் நீயே வாபஸ் வாங்குவ, பாரு."

செடி போனதைவிட இந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. ஏனென்றால் அது உண்மை. அந்த ஊரில் அதற்கு முன்னால் அவர் மேல் வழக்குப் போட்டவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் நியாயத்தில் தோற்கவில்லை, செலவில் தோற்றார்கள். ஒச்சம்மாள் அன்றே முடிவு செய்தாள். அவர் குற்றவாளி என்று கோர்ட் சொல்ல வேண்டும். அதோடு விடக்கூடாது. இந்த வழக்கு நடக்கிற செலவையும் அவரே கட்ட வேண்டும். இரண்டாவது நடக்காவிட்டால் முதலாவது நடந்தும் பிரயோஜனமில்லை என்பது அவள் கணக்கு.

போலீஸ் ஸ்டேஷனில் மனுவை வாங்கி ரசீது கொடுத்தார்கள். இது அவர்களாக வழக்குப் பதிவு செய்கிற குற்றம் இல்லை, நேராகக் கோர்ட்டில்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தைச் சொன்னார்கள். ரசீது டப்பாவுக்குள் போனது. பெண்களுக்குச் சட்ட உதவி அலுவலகத்தில் காசில்லாமல் வக்கீல் வைத்துத் தருவார்கள் என்று பூ மார்க்கெட்டில் யாரோ சொல்ல, அங்கே போனாள். அவளுக்குக் கிடைத்தவள் ரூபி. அப்போதுதான் தொழிலுக்கு வந்து இரண்டு வருஷமான பெண். கறுப்புக் கோட்டு அவளுக்கு ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. உட்காருவதற்கு முன்னாலேயே ஒச்சம்மாள் அவளிடம் முதல் கேள்வியைக் கேட்டாள். தண்டனை கிடைத்தால் கேஸ் நடத்திய செலவை அவன் கட்ட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதா, இல்லையா?

இப்படி ஒரு கேள்வியை யாரும் அதுவரை ரூபியிடம் கேட்டதில்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரிப் புகார் வழக்கில் குற்றம் நிரூபணமானால், புகார் கொடுத்தவருக்கு ஆன நியாயமான செலவைக் குற்றவாளி தர வேண்டும் என்று நடுவர் உத்தரவு போடலாம், தராவிட்டால் முப்பது நாள் வரை உள்ளே போக வேண்டியிருக்கும் என்று சொன்னாள். போடலாம் என்றுதான் இருக்கிறது, போட வேண்டும் என்று இல்லை என்றும் சொன்னாள். செலவு ஒவ்வொன்றுக்கும் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று கடைசியாகச் சொன்னாள். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

அன்று ஆரம்பித்தது நடை. காலை ஏழு பத்துக்கு வரும் டவுன் பஸ். ஏறியதும் கண்டக்டர் பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். மற்றவர்கள் அதை ஜன்னல் வழியாக விடுவார்கள். ஒச்சம்மாள் அதை நாலாக மடிக்காமல், கசங்காமல், மணிபர்சில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பூக்கட்டும் நூலால் கட்டிப் பத்திரப்படுத்துவாள், திரும்பி வரும் சீட்டுக்குத் தனிக் கட்டு. வெயில் பட்டால் எழுத்து ஓடிவிடும் என்று செல்போன் கடைக்காரர் ஒருவர் சொன்னதால், காலைச் சீட்டுக் கட்டு மட்டும் அரிசி டிரம்முக்கு உள்ளேயே இருந்தது.

முத்துச்சாமி சொன்னதைச் செய்தார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு வாய்தாவுக்கு உடம்பு சரியில்லை. அடுத்ததற்குச் சொந்தத்தில் துக்கம். அவருடைய வக்கீல் சகாயராஜ் கெட்டிக்காரர், குரல் உயர்த்தாமலே தேதி வாங்கிவிடுவார். டிராக்டர் தன்னுடையதே இல்லை என்று ஒரு மனு, கிராம நிர்வாக அலுவலரை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று ஒரு மனு. மூன்று மாதம் மூன்று வருஷமாக நீண்டது. அறுபத்திரண்டு செடி இருந்த இடத்தில் ஒச்சம்மாள் புதுக்கன்று நட்டு, அது மொக்கும் விட ஆரம்பித்துவிட்டது. ஒரு வாய்தாவைக்கூட அவள் தவறவிடவில்லை. கோர்ட் வளாகத்தில் எந்த மரத்து நிழல் எத்தனை மணிவரை நிற்கும், எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியானது.

தீர்ப்பு நெருங்கியபோது முத்துச்சாமி இறங்கி வந்தார். படமும், சேதத்தைப் பார்த்துக் கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த அறிக்கையும் அவருக்கு எதிராக இருந்தன. ஊர்க்காரர்கள் நாலு பேரை வைத்துப் பேசினார். செடிக்கு முப்பதாயிரம் தருகிறேன், சமாதானமாகப் போகலாம் என்றார். நல்ல தொகைதான். வாங்கிக்கொள் என்று நாலு பேரும் சொன்னார்கள். கருப்புசாமியும் கண்ணால் சொன்னார். ஒச்சம்மாள் மாட்டேன் என்று சொல்லவில்லை. செடிக்குத் தருவது சரி, இத்தனை வருஷம் அலைந்ததற்கும் கேஸ் செலவுக்கும் சேர்த்துத் தரட்டும், இப்போதே முடித்துக்கொள்ளலாம் என்றாள்.

முத்துச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எது செலவு? வக்கீல் ஓசி. பஸ்ஸு ஓசி. ஓசியில போயிட்டு ஓசியில வந்தவளுக்கு நான் என்னத்தக் குடுக்கிறது?"

நாலு பேரும் சிரித்தார்கள். ஒச்சம்மாள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வருகிற வழியில் கருப்புசாமியும் கூட நடந்தார். முப்பதாயிரம் அவர் மனதில் நடந்து வந்துகொண்டிருந்தது.

ஒரு புதன்கிழமை, முத்துச்சாமி குற்றவாளி என்று நடுவர் தீர்ப்பு வாசித்தார். தண்டனை என்ன என்பதை வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்தது. அன்றே ரூபி எழுந்து, வழக்குச் செலவையும் குற்றவாளியே கட்ட உத்தரவிட வேண்டும் என்று கேட்டாள். செலவுக்கு என்ன ஆதாரம் என்று நடுவர் கேட்டார். ஒச்சம்மாள் தானே முன்னால் போய் டப்பாவைத் திறந்து, நூலால் கட்டிய டிக்கெட் கட்டை மேஜையில் வைத்தாள். மூன்று வருஷமாக இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் அதைக் காப்பாற்றியிருந்தாள்.

சகாயராஜ் ஒரு டிக்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மரியாதையாகத்தான் சொன்னார். ஐயா, இதில் கட்டணம் சைபர் என்று போட்டிருக்கிறது. நாற்பத்து நான்கு டிக்கெட்டைக் கூட்டினாலும் சைபர்தான். வக்கீலுக்கும் இந்த அம்மா ஒரு பைசா கொடுக்கவில்லை. ஆகச் செலவு என்று எதுவும் இல்லை. கோர்ட்டில் பின்னால் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். முத்துச்சாமி சிரிக்கவில்லை, சும்மா அவளைப் பார்த்தார். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

இங்கேதான் ஒச்சம்மாளின் தப்பு வெளிச்சத்துக்கு வந்தது. சீட்டு வைத்துக்கொள் என்றதும் வைத்துக்கொண்டாளே தவிர, சைபர் போட்ட சீட்டு சைபரைத்தான் காட்டும் என்பது அவள் புத்தியில் ஏறவேயில்லை. படிக்காதவள் இல்லை, எட்டாவது வரை படித்தவள். காகிதம் இருந்தால் போதும் என்று நம்பியதுதான் தப்பு. காசு மிச்சம் என்று ஓசியில் வந்ததே அவருக்குச் சாதகமாகிவிட்டது. அவர் மூன்று வருஷத்துக்கு முன் சொன்னது கடைசியில் பலித்துவிடும் போலிருந்தது. அவமானத்தில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. ரூபி மட்டும் சமாளித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை செலவுப் பட்டியல் தாக்கல் செய்கிறோம் என்று அவகாசம் கேட்டு வாங்கினாள்.

அன்று சாயங்காலம் ஒச்சம்மாள் சாப்பிடாமல் டிக்கெட்டுகளைத் தரையில் பரப்பினாள். கருப்புசாமி இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கேலி செய்யாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கட்டணம் சைபர். கட்டணம் சைபர். அந்தச் சைபரையே பார்த்துப் பார்த்துக் கண் கடுத்துப்போய், பார்வை சீட்டின் மேல்பக்கம் நகர்ந்தபோதுதான், மற்ற எழுத்துகள் கண்ணில் பட்டன. தேதி. நேரம். ஏறிய இடம், இறங்கும் இடம். ஏழு பன்னிரண்டு. ஏழு பதினான்கு. ஏழு பதினொன்று.

மில்லில் தொலைத்த டோக்கன் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதிலும் விலை போடவில்லையே. வந்தாள் என்பதைத்தானே அது சொன்னது.

காலை ஏழு மணிக்கு மல்லிகைத் தோட்டக்காரி எங்கே இருக்க வேண்டும்? தோட்டத்தில். அவள் பஸ்ஸில் இருந்தால் மொக்கை யார் பறித்தது? அவளுக்குப் பதிலாகக் கூலிக்கு இரண்டு பெண்கள் பறித்தார்கள். ஆளுக்கு இருநூற்றைம்பது. அவர்களிடம் கையெழுத்து வாங்கிய சின்ன நோட்டும் அந்த டப்பாவில்தான் இருந்தது. தினப்படிச் செலவு என்று அவள் அதைத் தனியாகப் போட்டுவிட்டாள். வழக்குச் செலவு என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. கருப்புசாமி நோட்டை வாசிக்க, அவள் டிக்கெட்டோடு தேதி சேர்த்துப் பார்த்தாள். சேர்ந்தது.

பாதியில் அவள் பதினோரு டிக்கெட்டை எடுத்துத் தனியாக ஒதுக்கினாள். மார்கழி, தை மாதத்து டிக்கெட்டுகள். கருப்புசாமிக்கு மனசு வரவில்லை. இவ்வளவு அலைந்தாய், அதையும் சேர்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார்.

"மார்கழியில மொக்கு ஏது?" என்றாள் ஒச்சம்மாள். "அன்னைக்கெல்லாம் கூலிக்கு ஆள் விடல. இல்லாததை எழுதினா, இருக்கறதும் பொய்யாயிரும்."

வெள்ளிக்கிழமை ரூபி பட்டியலை நீட்டினாள். முப்பத்து மூன்று நாள் பூப்பறித்த கூலி, பதினாறாயிரத்து ஐநூறு. டைப், ஜெராக்ஸ், நகல் எடுத்தது ஆயிரத்து இருநூறு. கடைசியாக ஒரு வரி, ஒச்சம்மாள் பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்னது: ரூபிக்குச் சட்ட உதவி அலுவலகம் கொடுத்த ஏழாயிரத்து ஐநூறு. அது தனக்கு வேண்டாம், வாங்கி அந்த அலுவலகத்திலேயே கட்டிவிடுவேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். ஓசி வக்கீல் என்ற பேச்சே இனி ஊரில் இருக்கக் கூடாது என்பது அவள் எண்ணம்.

நடுவர் கோர்ட்டின் சொந்த ஏட்டை வரவழைத்து டிக்கெட்டின் தேதிகளோடு ஒப்பிட்டார். நேரம் எடுத்துக்கொண்டார். ஏட்டின்படி மொத்தம் நாற்பத்து நான்கு வாய்தா. அவற்றில் முத்துச்சாமி கேட்டுத் தள்ளிப்போனவை இருபத்தேழு. அந்த இருபத்தேழில் அவர் வராமலே இருந்தவை பத்தொன்பது. அந்த அம்மா வராத நாள் ஒன்றுகூட இல்லை. ஒதுக்கி வைத்த பதினோரு டிக்கெட் எதற்கு என்று கேட்டார். ஒச்சம்மாள் மொக்கு இல்லாத மாதத்தைச் சொன்னாள். சகாயராஜ் எழுந்து கூலி நோட்டை வாங்கி டிக்கெட் தேதிகளோடு சரிபார்த்தார், பிறகு திருப்பிக் கொடுத்தார். பொய் என்று சொல்ல அவருக்கு அதில் இடம் இல்லை.

தண்டனை இதுதான்: கோர்ட் கலையும்வரை கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டும். அபராதம் பத்தாயிரம், அதில் பெரும்பகுதி செடிகளுக்கு நஷ்டஈடு. அதோடு வழக்குச் செலவு இருபத்தையாயிரத்து இருநூறையும் குற்றவாளியே ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் கட்ட வேண்டும், கட்டத் தவறினால் முப்பது நாள் சிறை. ஒச்சம்மாளுக்கு மற்றது எதுவும் சரியாகக் காதில் விழவில்லை. குற்றவாளியே என்ற சொல் மட்டும் விழுந்தது. அப்போதுதான், மூன்று வருஷம் கழித்து, அந்த அறுபத்திரண்டு செடிக்கும் சேர்த்து அழுதாள்.

முத்துச்சாமி மேல்முறையீடு செய்யப் பார்த்தார். அவருடைய மகன் விக்னேஷ்குமார் ஒத்துக்கொள்ளவில்லை. இதுவரை வக்கீலுக்குக் கொடுத்ததில் அந்த நாலடியை நாலு தடவை வாங்கியிருக்கலாம், இனி ஒரு ரூபாய் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். பணம் கட்ட வேண்டிய கடைசி நாளும் வந்தது. கார் சாவியை மகன் எடுத்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தான்.

அதனால் முத்துச்சாமி ஏழு பத்து டவுன் பஸ்ஸில் ஏறினார். பணத்தை வாங்கிக் கையெழுத்துப் போட ஒச்சம்மாளும் அதே பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தாள். உட்கார இடம் இல்லை. கண்டக்டர் அவளுக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கொடுத்தார். அவரிடம் பதினைந்து ரூபாய் கேட்டார். அவர் ஐநூறு ரூபாய் நோட்டை நீட்ட, சில்லறை இல்லாமல் ஏன் ஏறுகிறீர்கள் என்று கண்டக்டர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கடிந்துகொண்டார். காரிலேயே போகும் அவரை இந்த பஸ்காரர்கள் யாருக்கும் தெரியாது. அவளை எல்லோருக்கும் தெரியும்.

கோர்ட்டில் பணம் வாங்கும் எழுத்தர் இன்னும் வரவில்லை, பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார் என்றார்கள். முத்துச்சாமி எங்கே நிற்பது என்று தெரியாமல் வராந்தாவில் முழித்தார். ஒச்சம்மாளுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும் என்று அவளே நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. அந்த பெஞ்சில் உட்காராதீர்கள், செத்த நேரத்தில் வெயில் வந்துவிடும், இந்தப் பக்கம் வாருங்கள் என்று கூப்பிட்டு இடம் காட்டினாள். குழாய் எங்கே என்றும் சொன்னாள். இரண்டு பேரும் ஒரு பெஞ்சின் இரண்டு முனையில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு மணி வாக்கில் அவர், அவளைப் பார்க்காமலே, தினமும் இப்படித்தானா என்று கேட்டார். நாற்பத்து நான்கு நாளும் இப்படித்தான் என்றாள்.

எழுத்தர் வந்தார். முத்துச்சாமி சட்டைப் பைக்குள் கைவிட்டுப் பணக்கட்டை எடுத்தபோது, அதோடு ஒரு துண்டுக் காகிதமும் வந்து தரையில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. பணம் எண்ணி முடிந்தது, ரசீது எழுதி முடிந்தது, ஒச்சம்மாள் கையெழுத்துப் போட்டு முடித்தாள். அவர் யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

அவள் குனிந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். பதினைந்து ரூபாய் டிக்கெட். கசங்கியிருந்ததை விரலால் நீவிவிட்டு, வாசல்வரை வேகமாகப் போய் அவரை நிறுத்தி, கையில் கொடுத்தாள்.

"கீழ போட்டுட்டுப் போறீங்களே அண்ணே," என்றாள். "வச்சுக்கங்க. தேதி போட்டிருக்கு."